மைக்ரோவேவ் வாங்கும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

சின்ன வீட்டுக்கு மைக்ரோவேவ் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "உங்க அடுப்படியில பவர் பிளக் எங்க இருக்கு?" என்பதைத்தான். எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கப்புறம்.

வேளச்சேரியில் ஒரு படுக்கையறை வாடகை வீடு எங்களுடையது. கடப்பைக் கல் மேடையில் அடுப்பு, மிக்ஸி, தண்ணீர்க் கேன் போக மிஞ்சியது கொஞ்சம் இடம். பெரிய ஓட்டை உள்ள பவர் பிளக் ஒன்றே ஒன்று. அதில் இண்டக்‌ஷன் அடுப்பு. மைக்ரோவேவ்களோ பெரும்பாலும் தடித்த 16 ஆம்ஸ் பிளக்கோடுதான் வருகின்றன. அட்டைப்பெட்டியில் 700 வாட் என்று போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் இறங்கும் சூடு. அதற்காக மெஷின் இழுக்கும் கரண்ட் 1100, 1200 வாட் வரை போகும். கன்வெக்‌ஷன் மாடல் என்றால் 2000 வாட்டை நெருங்கும், சிலது தாண்டும். இதைச் சின்ன பிளக்கில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். தளர்ந்த பின் சூடேறி, பிளாஸ்டிக் இளகி நாற்றம் வரும்வரை ஒன்றும் தெரியாது. நாங்கள் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து, தனி ஒயர் இழுத்து ஒரு பவர் பிளக் போட்டுக்கொண்ட பிறகுதான் கடைக்கே போனோம்.

கடையில் விற்பனைப் பையன் நேராகப் பெரியதைக் காட்டினான். "அக்கா, 28 லிட்டர் எடுத்துக்கோங்க. கேக், கிரில், எல்லாம் வரும்." இரண்டு பேர் இருக்கும் வீட்டில் நடப்பது என்ன? காலையில் பால், மதியம் சாதம் சூடு பண்ணுவது, ராத்திரி குழம்பு, இடையில் ஒரு அப்பளம். இதற்கு கிரில், கன்வெக்‌ஷன் இல்லாத 20 லிட்டர் சோலோ மாடல் போதும். கேக் செய்கிற ஆசை நிஜமாகவே இருந்தால் கன்வெக்‌ஷன் எடுங்கள். தாளிக்க எப்படியும் அடுப்புதான்.

அளவெடுக்கும்போது மெஷினை மட்டும் அளக்காதீர்கள். 20 லிட்டர் சோலோ ஏறக்குறைய 45 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். ஆனால் காற்றுப் போக மேலே 20, 30 செ.மீ. வரை விடச் சொல்லி மேனுவலிலேயே இருக்கும். பக்கவாட்டிலும் பின்னாலும் தனியாக. ஆக ஒன்றரை அடி உயர ஷெல்ஃப் பத்தாது. கதவு இடப்பக்கமாகத் திறக்கும். அதனால் மெஷினுக்கு வலப்பக்கம்தான் பாத்திரத்தை இறக்கி வைக்கக் காலி மேடை வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் திறந்த கதவைச் சுற்றிக் கையை நீட்ட வேண்டியிருக்கும்.

இடமில்லையே என்று ஃபிரிட்ஜ் தலையில் ஏற்றி வைக்கிறவர்கள் நிறைய. எனக்கு அது பயம். கொதிக்கிற ரசத்தைக் கண்ணுக்கு மேலிருந்து இறக்குவது எவ்வளவு ஆபத்து! மெஷினின் அடித்தளம் தோளுக்குக் கீழே இருக்கட்டும். பாரம் 11, 12 கிலோ வரும். சுவரில் அடிக்கும் ஸ்டாண்டு அதைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பாத்திரம். நம் வீட்டு எவர்சில்வர் எதுவும் உள்ளே போகாது. கண்ணாடிப் பாத்திரம் வாங்கியாக வேண்டும். அதன் வடிவத்தைக் கவனியுங்கள். சின்ன மைக்ரோவேவில் சுழலும் தட்டின் குறுக்களவு பெரும்பாலும் 24.5 செ.மீ.தான். 20 செ.மீ. சதுரப் பாத்திரம் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் மூலைக்கு மூலை அது 28 செ.மீ. சுழலும்போது மூலை சுவரில் இடித்து, தட்டு நின்று நின்று திணறும். ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் சில்லென்றிருக்கும். நான் கடைக்கு வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பையில் எடுத்துப் போய், டிஸ்பிளே பீஸுக்குள் வைத்துத் திருப்பிப் பார்த்துத்தான் மாடலை முடிவு செய்தேன். பையன் மறுக்கவில்லை.

பட்டனா, திருகும் குமிழா? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் குமிழ். மின்சாரம் போய் வந்தாலும் கடிகாரம் செட் பண்ணச் சொல்லி மின்னிக்கொண்டிருக்காது.

கரண்ட் பில்லை நினைத்துத் தயங்க வேண்டாம். தினமும் பத்து நிமிஷம் ஓட்டினால் மாதத்துக்கு ஆறு யூனிட்டுக்குள்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, சமையல் தெர்மாமீட்டரில் சூடு பார்த்து, முழு பவரில் ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். கலக்கிவிட்டு மறுபடி பாருங்கள். 700 வாட் மெஷினில் கணக்குப்படி 10 டிகிரி ஏற வேண்டும்; 8, 9 ஏறினாலும் சரி. ஐந்தாறுதான் ஏறுகிறது என்றால் முதலில் வோல்டேஜ் நன்றாக இருக்கும் பகல் நேரத்தில் இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவதற்குள் கம்பெனிக்குப் போன் போட்டுவிடுங்கள்.