பிள்ளைகளுக்கும் வரும் சீனி வருத்தம்

"சின்னப் பிள்ளைக்கு சீனி வருத்தம் வருமா?" என்று தாய்மார் பலர் கேட்பதுண்டு. வரும்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள பீற்றா கலங்கள் இன்சுலின் என்ற ஹோர்மோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சேரும் சீனியை உடம்பு பயன்படுத்த இன்சுலின் வேண்டும். சில பிள்ளைகளில், கிருமிகளோடு போராட வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இந்தக் கலங்களை அழித்து விடுகிறது. இனிப்புத் தின்றதாலோ, தாய் தகப்பனின் பிழையாலோ இது வருவதில்லை.

சில வாரங்களிலேயே அறிகுறிகள் தெரியும். ஓயாத தண்ணீர்த் தாகம், அடிக்கடி சலம் போதல், நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல், களைப்பு. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, மயக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து. "பூச்சித் தொல்லை, கண்ணூறு" என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், இரத்தத்தில் சீனி பார்க்கச் சொல்லுங்கள்.

1922இல் கனடாவின் டொரொன்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இப்படிப்பட்ட பிள்ளைகள் அதிக காலம் பிழைத்ததில்லை. இன்று ஒழுங்காக ஊசி போட்டால் பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம்.

ஊசி தொடங்கியதும், மிஞ்சிய கலங்களால் சில மாதம் சீனி குறைந்திருக்கலாம். "இப்போ சுகமாயிட்டான்" என்று ஊசியை நிறுத்தி விடாதீர்கள். அழிந்த கலங்கள் தாமாகத் திரும்பி வருவதில்லை.