வெளிச்சத்துக்கு ஏற்ற பிலிம்

கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கப் புறப்படுகிறவர், எந்தப் பிலிம் பிரசித்தமானது என்று கடையில் விசாரிப்பதற்கு முன்னால், தாம் போகும் ஸ்தலத்தில் எந்த வேளையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்பதை யோசித்துக்கொள்வது அவசியம். திறந்த வெளிச் சிற்பமும் இருண்ட குகை மண்டபமும் கூப்பிடு தூரத்திலேயே அமைந்திருக்கும் மாமல்லபுரத்தை உதாரணமாகக் கொள்வோம்.

முதற் காரியம் வேகத்தை நிர்ணயிப்பது. தெளிந்த வெயிலில் அபர்ச்சரை எஃப்-16இல் வைத்து, பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தைக் கொள்வது பழைய கணக்கு. அதன்படி 125 வேகமுள்ள இல்ஃபோர்டு எஃப்.பி.4 பிளஸுக்கு 1/125 வினாடி போதும். அங்குள்ள திறந்த வெளிச் சிற்பமான அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கிய பாறையாதலால், வெயில் சற்று ஏறி அதன் முகத்தில் சரிந்து விழும்போதுதான் யானையின் துதிக்கை வளைவும், அதன் அருகே பின்னங்கால்களில் நின்று தவம் புரியும் பூனையும் நிழலோடு எழும்பித் தெரியும். அந்த வேளைக்கு நான் எஃப்.பி.4ஐயே சிபாரிசு செய்வேன். 50 வேகமுள்ள பான் எஃப் பிளஸ் அதனினும் நுண்ணிய மணிகள் உடையதுதான். ஆயினும் அதன் கான்ட்ராஸ்ட் அதிகமாகையால் கடும் வெயிலில் நிழல்கள் வெறும் கருமையாகிவிடக்கூடும். அதை மேகமூட்டமான நாளுக்கும் முக்காலிக்கும் ஒதுக்கி வைப்பதும், எடுத்தபின் தாமதியாமல் கழுவிவிடுவதும் நலம்.

அடுத்து மண்டபத்தின் உள்ளே. 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பவர் 1/60க்குக் கீழே இறங்காதிருப்பது உத்தமம். ஆகவே இங்கே 400 வேகமுள்ள எச்.பி.5 பிளஸோ டிரை-எக்ஸோ வேண்டும். அதுவும் போதாதெனில், மீட்டரை 1600இல் வைத்துச் சுருள் முழுவதையும் அதே வேகத்தில் எடுத்து, லேபில் புஷ் செய்ய, அதாவது கூடுதலாகக் கழுவச் சொல்லலாம். ஆனால் ஒளியே படாத மூலையைக் கூடுதலாகக் கழுவுவதனால் மீட்டுவிட முடியாது; மணிகள் பருத்து, கான்ட்ராஸ்ட்தான் மிகும். 3200 என்று பெயர் பெற்ற இல்ஃபோர்டு டெல்டா பிலிமின் அசல் வேகமும் 1000 அளவே என்பதை நினைவில் வைத்தல் தகும்.

கடற்கரைக் கோயிலுக்குப் பின்னே வானம் வெளிறாதிருக்க மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் ஒரு ஸ்டாப் குறையும். சிவப்பு மாட்டினாலோ மூன்று ஸ்டாப் போய், 125 வேகப் பிலிம் ஏறக்குறைய 16 வேகத்ததாகிவிடும். சிவப்பை விரும்புகிறவர் 400ஐ எடுத்துச் செல்லட்டும்.

பிலிமைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, டப்பாவைத் திறவாமல் அறை வெப்பத்துக்கு வரவிடுக. கடலோர ஈரக்காற்றில் குளிர்ந்த பிலிமைத் திறந்தால் அதன்மேல் நீர் பூக்கும். 1600இல் எடுத்த சுருளின்மேல் அந்த எண்ணை உடனே எழுதிவிடுக.