மூன்றாவது கால் வேண்டும்: ஸ்டேஜிங் பிரேக் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து ஐகான் வெளிவந்தது 1999-இல். 2010-இல் ஃபிகோ வந்தது. 2022 ஜூலையில் அங்கே கார் உற்பத்தி நின்றது. ஆலை நின்றாலும் கார்கள் நிற்கவில்லை. பழைய ஐகான் ஒன்றைக் குறைந்த விலைக்குப் பிடித்து, இருக்கைகளைக் கழற்றி எடையைக் குறைத்து, டிராக் பந்தயத்துக்குத் தயார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த ஆசை பட்டறை வாசலுக்கு வந்ததும் முதலில் காதில் விழும் ஆலோசனைகளில் ஒன்று, "ஒரு ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் போட்டுடுங்க" என்பது.

இரண்டிரண்டு கார்களாகக் கால் மைல் ஓடும் டிராக் பந்தயத்தில் கார் தொடக்கக் கோட்டில் நிற்பதே தனிக்கலை. கோட்டின் குறுக்கே தரையை ஒட்டி இரண்டு ஒளிக்கதிர்கள் ஓடும். முன் டயர் முதல் கதிரை மறைத்தால் ஒரு விளக்கு எரியும். ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவதை மறைத்தால் அடுத்த விளக்கு எரியும். அப்போதுதான் கார் 'ஸ்டேஜ்' ஆனதாகக் கணக்கு. அதன்பின் மஞ்சள் விளக்குகள், அவற்றைத் தொடர்ந்து பச்சை. இந்தச் சில நொடிகளில் இடது கால் கிளட்சில், வலது கால் ஆக்ஸிலரேட்டரில். பிரேக்கை மிதிக்க மூன்றாவது கால் கிடையாது. அந்த வேலையைக் கையிடம் ஒப்படைக்கும் நெம்புகோல்தான் ஸ்டேஜிங் பிரேக்; பட்டறையில் சொல்லும் ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் இதற்காகத்தான். இதைச் சுற்றி வளர்ந்திருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஸ்டேஜிங் பிரேக் போட்டால் கார் வேகமாக ஓடும்.

உண்மை: கால் மைலை, அதாவது 402 மீட்டரை, கார் கடக்கும் நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை விளக்கைப் பார்த்து ஓடத் தொடங்குவதில்லை. முன் டயர் இரண்டாவது கதிரை விட்டு விலகும் கணத்தில்தான் அது தொடங்குகிறது. பச்சை எரிந்ததிலிருந்து டயர் விலகும் வரையிலான நேரம் ஓட்டுநரின் எதிர்வினை நேரமாகத் தனியே பதிவாகும். ஆகவே பிரேக் நெம்புகோல் குதிரைத்திறன் எதையும் கூட்டாது. கிளட்ச் கவ்வும் இடத்தில் வைத்து ஆர்.பி.எம்.மை ஏற்றும்போது கார் அங்குலம் அங்குலமாக நகராமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. நகர்ந்து பச்சைக்கு முன்பே டயர் கதிரைத் தாண்டினால் சிவப்பு விளக்கு. பந்தயம் அங்கேயே போயிற்று. ஒவ்வொரு முறையும் ஒரே ஆர்.பி.எம்.மில், ஒரே இடத்திலிருந்து கிளம்ப முடிவதுதான் இதில் கிடைக்கும் லாபம். இரண்டு கார்களில் முதலில் முடிவுக் கோட்டைத் தொடுவதே ஜெயிக்கும் என்பதால் அந்த லாபம் சின்னதல்ல.

நம்பிக்கை 2: லைன் லாக், டிரான்ஸ்பிரேக், ஸ்டேஜிங் பிரேக் எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: மூன்றும் மூன்று வேலை. லைன் லாக் என்பது மின்சாரத்தால் இயங்கும் வால்வு. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் முன்சக்கரக் குழாயில் மட்டும் அழுத்தம் அடைபட்டு நிற்கும். பின்சக்கரங்களைச் சுழலவிட்டு டயரைச் சூடேற்ற அது பயன்படும். முன்சக்கரம் இழுக்கும் ஐகானில் அதை அப்படியே பொருத்தினால், சுழல வேண்டிய சக்கரத்தையே பூட்டிவிடும். டிரான்ஸ்பிரேக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு உள்ளே இருப்பது; முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் கவ்வ வைத்து வண்டியை நிறுத்தும். ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவருக்கு இடது கால் ஓய்வாகவே இருக்கிறது. பிரேக்கை அந்தக் காலே பார்த்துக்கொள்ளும். கை நெம்புகோல் உண்மையில் தேவைப்படுவது கிளட்ச் பெடல் உள்ள வண்டிகளுக்குத்தான். அமெரிக்காவின் டாப் ஃப்யூவல், ஃபன்னி கார் வகை வண்டிகளிலும் ஓட்டுநர் கையில் பிரேக் நெம்புகோல் இருக்கும்.

நம்பிக்கை 3: எந்தக் காராக இருந்தாலும் பின்சக்கரத்தில் கொடுத்தால் போதும்.

உண்மை: எஞ்சின் எந்தச் சக்கரத்தை இழுக்கிறது என்பதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ மூன்றும் முன்சக்கரம் இழுக்கும் கார்கள். அவற்றில் பின்சக்கரத்தைப் பிடித்தால் கார் நிற்கும். கையை விட்டால் இழுவைச் சக்கரங்கள் தடையில்லாமல் கிளம்பும். பெருங்களத்தூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கிளட்சைக் கவ்வவிட்டு, பிறகு விடுவிக்கிறாரே, அதே வித்தைதான் இதுவும். ஆகவே சாதாரண எஞ்சின் உள்ள ஐகானுக்குச் செலவே இல்லாத முதல் பரிசோதனை ஒன்று உண்டு: கேபிளை இறுக்கி, பின் டிரம் ஷூக்களைச் சரிசெய்து, நெம்புகோலின் பொத்தானை அழுத்தியபடியே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பொத்தான் அழுந்தியிருந்தால் பல் கவ்வாது. கையை விட்டதும் பிரேக்கும் விடும். கார் அசையாமல் நின்றால் ஹைட்ராலிக்குக்கு அவசரமில்லை.

பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் கதை வேறு. அங்கே பின் பிரேக் எஞ்சினின் இழுவையை நேருக்கு நேர் எதிர்க்கும். பிடி நன்றாக இருக்கும். ஆனால் குழாயில் அழுத்தம் இறங்கக் கொஞ்சம் தாமதித்தாலும் கிளம்பும் கணத்தில் சக்கரம் உரசும். அந்த வண்டிகளில் பிடிப்பதைவிட விடுவதைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை 4: பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிடி கூடும்.

உண்மை: நேர் எதிர். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. கை 200 நியூட்டன் விசையில், ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு, இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் அதை 6 மடங்காக்கினால் பிஸ்டனில் 1,200 நியூட்டன். சிலிண்டரின் உள்விட்டம் 15.9 மில்லிமீட்டர் என்றால் குழாயில் சுமார் 60 பார் அழுத்தம் கிடைக்கும். அதே கை, அதே நெம்புகோல். உள்விட்டம் 19 மில்லிமீட்டர் ஆனால் சுமார் 42 பார்தான். 22 மில்லிமீட்டருக்குப் போனால் 32-க்கும் கீழே. பெரிய சிலிண்டர் தருவது அதிக ஆயிலை. அதனால் நெம்புகோல் குறைந்த தூரத்திலேயே இறுகும். கையில் கல்லாட்டம் இருக்கும் அந்த இறுக்கத்தைப் பலர் பிடி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மிகச் சிறியதைப் போட்டால் வேறு தொல்லை: ஷூவோ பேடோ தொடும் முன்பே நெம்புகோல் எல்லைக்கு வந்துவிடும். சக்கர சிலிண்டர் கேட்கும் ஆயில் அளவைப் பார்த்து, அதைத் தரக்கூடிய மிகச் சிறிய உள்விட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி.

நம்பிக்கை 5: பின்னால் போகும் குழாயை வெட்டி நடுவில் பொருத்தினால் வேலை முடிந்தது.

உண்மை: முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலானவற்றில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் ஒரு சுற்று. மற்ற இரண்டும் இன்னொரு சுற்று. ஒன்று கசிந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும் என்பதற்கான ஏற்பாடு அது. ஒரு குழாயில் மட்டும் சிலிண்டரை நுழைத்தால் ஒரு பின்சக்கரம் மட்டுமே பிடிக்கும். இரண்டு பின்குழாய்களையும் 'டி' போட்டு ஒன்றாக்கினால் இரண்டும் பிடிக்கும்; ஆனால் இரண்டு சுற்றுகளும் கலந்து, எங்காவது ஒரு கசிவு வந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு சுற்றுகளையும் தனித்தனியே வைத்திருக்கும் இரட்டைச் சிலிண்டர் நெம்புகோல் அல்லது பின்சக்கரத்தில் தனி காலிப்பர், தனி ஆயில் டப்பாவோடு முற்றிலும் வேறான சுற்று: இவை இரண்டும்தான் நம்பகமான வழிகள்.

குழாயின் நடுவில் உட்காரும் வகையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கை இழுக்காதபோது கால் பெடலின் அழுத்தம் அந்தச் சிலிண்டருக்குள் புகுந்துதான் சக்கரத்துக்குப் போக வேண்டும். அதற்கான சிறு துளை திறந்திருக்க, புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுக்கினால் துளை பாதி மூடி, கால் பிரேக் பின்சக்கரத்துக்குச் சரியாகப் போகாது. போன அழுத்தம் திரும்பவும் செய்யாது. ஏ.பி.எஸ். உள்ள காரில் இந்தக் குழாய்களில் கைவைப்பது இன்னும் பெரிய வேலை. அதைத் தெரிந்தவரிடம் மட்டுமே விட வேண்டும்.

நம்பிக்கை 6: ஹைட்ராலிக் வந்துவிட்டால் கேபிள் ஹேண்ட் பிரேக் தேவையில்லை.

உண்மை: சீலைத் தாண்டி ஆயில் மெல்லக் கசிந்தாலும், சூடான ஆயில் ஆறிச் சுருங்கினாலும் அழுத்தம் இறங்கும். இரவு முழுக்க வண்டியை நிறுத்திவைக்க அதை நம்ப முடியாது. கேபிளுக்கு அந்தக் கவலை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 96-உம் பார்க்கிங் பிரேக், கால் பிரேக் என்று ஒன்றையொன்று சாராத இரண்டு அமைப்புகளைக் கேட்கிறது. சாலையில் ஓடும் வண்டியில் கேபிளைக் கழற்றுவது சட்டப்படியும் தவறு.

நம்பிக்கை 7: பிரேக் ஆயில் எதுவானாலும் ஒன்றே, காற்றை எடுத்துவிட்டால் போதும்.

உண்மை: டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. சென்னைப் புறநகரின் ஈரக்காற்றில் மூடி திறந்து கிடந்த டப்பாவை மிச்சம் பிடிப்பது லாபமல்ல. டாட் 5 சிலிக்கோன் வகை. பெயர் ஒட்டி வந்தாலும் மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். நெம்புகோலை நிமிர்த்திப் பொருத்தும்போது சிலிண்டரின் மேல்முனையிலும் குழாய் மேலேறி வளையும் இடத்திலும் காற்று தங்கும். சக்கரத்தில் மட்டும் எடுத்தால் அது வராது. சிலிண்டரின் இணைப்பையும் தளர்த்தி எடுக்க வேண்டும்.

நம்பிக்கை 8: ராத்திரி வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி, அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை 52-ஆம் பிரிவு தனியே தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், நள்ளிரவில் அந்தச் சாலையில் சரக்கு லாரிகள் ஓடுகின்றன, ஷிப்ட் முடிந்தவர்கள் இரு சக்கர வண்டிகளில் வீடு திரும்புகிறார்கள். சிங்கபெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. உரிமம், தலைக்கவசம், ஆம்புலன்ஸ், வண்டிப் பரிசோதனை எல்லாம் இருக்கும் இடத்தில் இழுப்பதற்குப் பெயர்தான் விளையாட்டு.

வேலை முடிந்து பட்டறையை விட்டு வண்டியை எடுக்கும் முன் மூன்று சோதனைகள் போதும். சமதரையில் நெம்புகோலை இழுத்து, கிளட்சை மெதுவாகக் கவ்வவிடுங்கள்: வண்டி அசையக் கூடாது. ஜாக்கியில் ஏற்றி நெம்புகோலை இழுத்து விட்டதும் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்: உடனே தடையில்லாமல் சுழல வேண்டும். கடைசியாக, நெம்புகோலைத் தொடாமல் கால் பிரேக்கை மட்டும் மிதியுங்கள்: பெடல் முன்பிருந்த உயரத்திலேயே இறுக வேண்டும், நாலு சக்கரமும் பிடிக்க வேண்டும். முதல் இரண்டில் குறையிருந்தால் பந்தயத்தில் தோற்பீர்கள், அவ்வளவுதான். மூன்றாவதில் குறையிருந்தால் புதிதாகப் போட்டதைக் கழற்றி, பழைய குழாயையே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.