சீப்புத் தெருக்களும் கட்டத் தெருக்களும்

மாணவர்களே! ஒரு தாளில், வரிசைக்கு நான்காக நான்கு வரிசைகளில் 16 புள்ளிகள் வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சந்திப்பு அல்லது தெருமுனை. அடுத்தடுத்த புள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்தால் 24 கோடுகள் கிடைக்கும். இவை தெருக்கள், ஒவ்வொன்றும் 100 மீட்டர் எனக் கொள்வோம். 24-ஐ 16-ஆல் வகுத்தால் 1.5. இதுவே இணைப்பு விகிதம்.

இனி, மேல் மூன்று வரிசைகளிலுள்ள 9 கிடைக்கோடுகளை அழித்துவிடுங்கள். சீப்பு போன்ற வடிவம் எஞ்சும். அடியில் ஒரே பெரிய சாலை; அதிலிருந்து 4 முட்டுச்சந்துகள். விகிதம் 15/16, ஒன்றுக்கும் குறைவு!

மேல்வரிசையின் முதல் புள்ளியில் உங்கள் வீடு, அடுத்த புள்ளியில் பள்ளி என்க. முன்பு 100 மீட்டர் நடை. இப்பொழுது 700 மீட்டர். வழியில் மரம் சாய்ந்தால் தீயணைப்பு வண்டிக்கு மாற்றுவழியும் இல்லை.

அமெரிக்காவில் 1929-இல் தோன்றிய ராட்பர்ன் குடியிருப்பில் முட்டுச்சந்துகளோடு தனி நடைபாதைகளும் இருந்தன. பின்னர் எழுந்த பல புறநகர்கள் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டன, நடைபாதையை விட்டுவிட்டன. அருகிலுள்ள கடைக்கும் கார் தேவையாயிற்று.

பார்சிலோனா நகரம் பழைய எல்லையைத் தாண்டி வளர்ந்தபோது, செர்தா என்ற பொறியாளர் 1859-இல் 113 மீட்டர் சதுரக் கட்டங்களாகத் தெருக்களை வகுத்தார். அத்தெருக்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை மாற்றுவது எளிதன்று. எனவே, மனை பிரிக்கும்போதே தெருக்களை இணைத்துவிட வேண்டும்.

உங்கள் பகுதியின் படம் வரைந்து, தெருக்களை எண்ணி வகுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் கட்டமா, சீப்பா?