தோளில் அறுந்த நாண்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

முழங்கையை மடக்கி மேற்கையின் முன்புறத்தைத் தொட்டுப் பார்த்தால், ஒரு தசை திரண்டு எழுவதை நாம் உணரலாம். அதுவே இருதலைத் தசை. முழங்கையை மடக்குவதும், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் இதன் வேலைகள். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிற்றைத் தசைநாண் என்கிறோம். நாண் அறுந்த வில்லால் அம்பு எய்ய இயலாது. நாண் அறுந்த தசையால் எலும்பை இழுக்க இயலாது. இருதலைத் தசையின் நாண் தோளில் அறுந்தால் மருத்துவர் என்ன செய்வார்? இதை இங்குக் காண்போம்.

இரு தலைகள், இரு வழிகள்

இத்தசை மேலே இரண்டு நாண்களாகப் பிரிவதால் இப்பெயர் பெற்றது. குறுந்தலை நாண், தோள்பட்டை எலும்பின் முன்னே காக்கையின் அலகுபோல் நீண்டுள்ள முனையை நேராகச் சென்று பற்றுகிறது. நெடுந்தலை நாணின் வழியோ கடினமானது. அது மேற்கை எலும்பின் பள்ளம் ஒன்றின் வழியே ஏறி, வளைந்து, தோள் மூட்டுக்குள்ளேயே நுழைந்து, மூட்டுக் குழியின் மேல் விளிம்பில் முடிகிறது. அவ்விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்னும் வளையம் உண்டு. நாணின் வேர் அதனோடும் ஒட்டியிருக்கிறது.

கிணற்று விளிம்பில் உராயும் கயிறு நாளடைவில் நைந்து போகிறதன்றோ? அதுபோலவே நெடுந்தலை நாணும் நைகிறது. ஆகவே தோளில் அறுவது பெரும்பாலும் இதுவே. குறுந்தலை அறுவது மிக அரிது.

அறிகுறிகள்

பளு தூக்கும்போது ‘பட்’டென்று ஓர் உணர்வு; உடனே வலி; பின்னர் மேற்கையில் கன்றிய நீலம். தசை முழங்கைப் பக்கம் இறங்கி உருண்டு நிற்கும். 1929-இல் அமெரிக்கச் செய்தித்தாள் சித்திரத்தில் தோன்றிய மாலுமியின் பெயரால் இதனைப் ‘பாப்பாய்’ வீக்கம் என்பர். இவ்வாறு நேர்ந்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

சிகிச்சை முறைகள்

எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. குறுந்தலை அறாமல் இருப்பதால் முதியோர் பலர் ஓய்வும் பயிற்சியும் கொண்டே நலம் பெறுகின்றனர். கையைத் திருப்பும் வலிமை மட்டும் ஓரளவு குறையும்.

அறுவை தேவைப்படுவோருக்கு ஆர்த்ராஸ்கோப் என்னும் கருவி துணை நிற்கிறது. 1918-இல் தோக்கியோவில் தகாகி என்னும் மருத்துவர், சிறுநீர்ப்பையை நோக்கும் குழாயைக் கொண்டு இறந்தவரின் முழங்கால் மூட்டினுள் பார்த்தார். அம்முயற்சி வளர்ந்து, இன்று சிறு துளைகளின் வழியே தோளினுள் காணவும் வேலை செய்யவும் முடிகிறது. முறைகள் மூன்று:

1. டெனாட்டமி: பாதி அறுந்து வலி தரும் நாணை, வேரிலேயே வெட்டி விடுவித்தல். குணப்படுத்த வந்தவர் வெட்டிவிடுவது நமக்கு வியப்பாகத் தோன்றும். ஆனால் வலிக்குக் காரணமே அந்த நைந்த நாண்தான். பிரான்சு நாட்டு மருத்துவர் வால்ஷ் குழுவினர் இவ்வாறு செய்த 307 சிகிச்சைகளின் பயனை 2005-இல் வெளியிட்டனர்.

2. டெனோடெசிஸ்: நைந்த பகுதியை நீக்கி, நல்ல முனையை மேற்கை எலும்பில் பொருத்துதல். 1975-இல் பிராய்ம்சன், ஓ ஆகிய இருவர் சாவித்துளை வடிவில் எலும்பில் குழி செய்து, முடிச்சிட்ட நாணை அதில் மாட்டும் முறையை விளக்கினர். இன்று திருகாணியோ, நூல் கோத்த சிறு நங்கூரமோ பயன்படுகிறது.

3. லேப்ரம் சீரமைப்பு: நாண் அறாமல் அதன் வேர் வளையத்தோடு பெயர்ந்தால், அதனை எலும்போடு மீண்டும் தைத்தல். பந்தெறியும் வீரர்களுக்கு நேரும் இக்காயத்தை 1985-இல் ஆண்ட்ரூஸ் குழுவினர் விவரித்தனர். 1990-இல் ஸ்னைடர் குழுவினர் இதனை நான்கு வகையாகப் பிரித்தனர்.

எது சிறந்தது?

வலி நீங்குவதில் முதலிரு முறைகளும் ஏறத்தாழச் சமமே. டெனாட்டமி எளிது, விரைவில் கையைப் பயன்படுத்தலாம். ஆனால் வீக்கமும் தசைப்பிடிப்பும் தோன்றலாம். டெனோடெசிஸ் தசையின் வடிவைக் காக்கும். ஆனால் எலும்போடு நாண் ஒட்டும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டு வேலை மட்டும் செய்யும் பாட்டிக்கு முதலாவது போதும். நாள்தோறும் திருகாணி முடுக்கிப் பிழைக்கும் தச்சருக்கு இரண்டாவது பொருந்தும். கையை நம்பியே அவர் குடும்பம் இருக்கிறதன்றோ?

அறுவைக்குப் பின்

டெனோடெசிஸ் செய்தபின், கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் கையைச் சில வாரங்கள் வைத்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரங்கள் முழங்கையை மடக்கிப் பளு தூக்கலாகாது. வலி இல்லையே என்று குடத்தைத் தூக்கினால், பொருத்திய நாண் பெயர்ந்துவிடக்கூடும். பொறுமையும் மருந்தே.

முடிவுரை

அறுந்ததைத் தைப்பதே அறுவை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் தைப்பதா, வெட்டுவதா, இடம் மாற்றுவதா, அப்படியே விடுவதா என்று ஆராய்ந்து முடிவெடுப்பதே மருத்துவரின் முதற்கடமை. அம்முடிவுக்கு உதவ, நம் வேலை என்ன, எதைத் தூக்குகிறோம் என்பதை அவரிடம் ஒளிக்காமல் கூறுவது நம் கடமை. கத்தியை எடுக்குமுன் மருத்துவர் கேட்கும் கேள்விகளிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது.