சாவி கொடுப்பதற்கு முன்

முதன்முதலாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நல்ல குடித்தனம் அமையுமா?" அமையும். ஆனால் காலி பண்ணும் நாளில் வெடிக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை குடிவரும் நாளில் பேசாமல் விட்டவை. அதை மனதில் வைத்தே இவற்றைச் சொல்கிறேன்.

1. அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் பத்து மாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய பணத்தை வீட்டுக் கடனில் கட்டிவிட்டு, பழையவர் கிளம்பும்போது புதியவரின் அட்வான்ஸுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்காரர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வாசலில் லாரி நிற்கும், அவர் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும், நீங்கள் "அடுத்த வாரம் வாங்க" என்பீர்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைக் கொடுத்தாக வேண்டும். ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு மறந்துவிடுங்கள். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பதாக இருந்தால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைசி நாளில் சொன்னால் வழிப்பறி மாதிரிதான் இருக்கும்.

2. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்ததுதான் பதினோரு மாத ஒப்பந்தம். புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிந்து எண் வாங்க வேண்டும். பலர் முத்திரைத்தாளில் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தகராறு முற்றி அலுவலகப் படியேறும்போது "பதிவெண் எங்கே?" என்ற கேள்வி வரும்.

3. சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து அறை அறையாக நடங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள். கீசர் சுடுகிறதா, பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் ஊறிப் போயிருக்கிறதா, சமையல் மேடைக்கு அடியில் டைல்ஸ் விரிசல் உண்டா என்று பாருங்கள். படம் எடுத்து இருவர் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். ஈபி மீட்டரையும் மறக்காதீர்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும். முந்தையவர் ஓட்டிய ஏசி புதியவர் தலையில் விழுந்தால் முதல் பில்லிலேயே மனஸ்தாபம்.

4. ஆளைப் பற்றி இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரிக்காதீர்கள். தொல்லை தொலைந்தால் போதும் என்று அவர் புகழ்ந்து தள்ளக்கூடும். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைப் பிடியுங்கள். வேலை பார்க்கும் இடம், வாடகை தவறாமல் வந்ததா, இந்த இரண்டும் போதும். "வெஜிடேரியன் மட்டும்" போர்டு மாட்டி, சாதி விசாரித்து மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன் வறுக்கிறவர் வாடகை பாக்கி வைப்பார் என்று யார் சொன்னது?

5. வாடகை 15,000 போகும் வீட்டுக்கு 16,000 கேட்டு இரண்டு மாதம் காலியாக வைத்தால், விட்ட 30,000 ரூபாயை எடுக்க 30 மாதம் ஆகும்.

6. ஒழுகலை நிறுத்தாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஒரே மழையில் உப்புப் பூத்து உரிந்துவிடும், கூலி தண்டம். மாடிக் கழிவறைக் குழாயோ, மொட்டை மாடி ஓடோ, எங்கிருந்து நீர் இறங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

7. எவ்வளவு கோபம் வந்தாலும் மோட்டாரை நிறுத்தவோ ஃபியூசைப் பிடுங்கவோ கூடாது. சட்டம் அதை வெளிப்படையாகத் தடுக்கிறது. செய்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி, எழுத்துப்பூர்வ அனுமதியில்லாத உள்வாடகை போன்றவற்றுக்கு வாடகை நீதிமன்றம் மூலம் காலி செய்யக் கேட்க வழி உண்டு. பாக்கியை வாயால் கேட்காமல் மெசேஜில் கேளுங்கள், தேதியோடு கையில் இருக்கும்.

8. வருமான வரியில், நீங்கள் கட்டிய சொத்து வரியை வாடகையில் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைச் செலவு ரசீது எதுவும் இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். அதனால் அரையாண்டு வரியை நிலுவை வைக்காதீர்கள், கட்டினால்தான் கழிவு. வீட்டுக்காரர் வெளிநாட்டுவாசி என்றால் கதையே வேறு: வாடகை சிறியதாக இருந்தாலும் குடித்தனக்காரர் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். துபாயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நீங்கள் வாடகை வசூலிப்பவர் என்றால், ஆள் தேடுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.