அளவையறிந்து அளப்போம்

‘64 ஜிகாபைட்டு’ என்று அச்சிடப்பட்ட பென் டிரைவை விண்டோஸ் கணினியில் இணைத்தால், ஏறத்தாழ 59.6 ஜிகாபைட்டு என்றே திரையில் தோன்றும். மேக் கணினியிலோ ஏறத்தாழ 64 என்று தோன்றும். குறைந்த எண்ணைக் காண்பவர், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணக்கூடும். ஒருவர்மீது பழி கூறுமுன், எந்த அளவையால் அளந்தோம் என்று ஆராய்தல் வேண்டும்.

கோப்புகளை அளக்கும் அலகு பைட்டு ஆகும். பென் டிரைவைத் தயாரிப்போர் 1000 பைட்டை ஒரு கிலோபைட்டு என்றும், 100 கோடி பைட்டை ஒரு ஜிகாபைட்டு என்றும் கொள்கின்றனர். கணினியோ 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் இயங்குவது. பத்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 1024 கிடைக்கும். இது 1000க்கு அருகில் இருப்பதால், 1024 பைட்டையும் கிலோபைட்டு என்றே வழங்கலாயினர். விண்டோஸ் இவ்வழக்கைப் பின்பற்றுகிறது. இக்கணக்கில் ஒரு ஜிகாபைட்டு என்பது 107,37,41,824 பைட்டு. 6,400 கோடியை இவ்வெண்ணால் வகுத்தால் 59.6 வரும். மேக் 2009 முதல் ஆயிரத்தின் கணக்கைக் கொண்டுள்ளது.

ஒரே நெல்லைப் பெரிய மரக்காலால் அளந்தால் எண்ணிக்கை குறையும். சிறிய மரக்காலால் அளந்தால் கூடும். நெல் மாறுவதில்லை. இக்குழப்பத்தை நீக்கவே, 1024 பைட்டுக்குக் ‘கிபிபைட்டு’ என்னும் தனிப்பெயரைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் ஏற்றது.

கோப்பின் அளவும், அது வட்டில் அடைக்கும் இடமும் பெரும்பாலும் வேறுபடும். வட்டு சம அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டம் 4,096 பைட்டு எனில், 5,000 பைட்டுக் கோப்புக்கு இரண்டு கட்டங்கள், அதாவது 8,192 பைட்டு தேவை. எஞ்சிய இடத்தை வேறு கோப்புக்குக் கொடுப்பதில்லை.

நம் மொழிக்கும் பைட்டுக் கணக்கு உண்டு. யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன. நாம் எண்ணும் எழுத்து மூன்று. கணினி எண்ணும் பைட்டு பதினைந்து. இரண்டும் சரியே. எண்ணை மட்டும் கேளாமல், அதன் அலகையும் கேட்டறிக.

சொற்பொருள்
அலகு – அளக்கும் அடிப்படை அளவு
மரக்கால் – தானியம் அளக்கும் கருவி
பழி – குற்றச்சாட்டு

பயிற்சி
1. 1024, 4,096 ஆகிய எண்களை எழுத்தால் எழுதுக.
2. 9,000 பைட்டுக் கோப்புக்கு 4,096 பைட்டுக் கட்டங்கள் எத்தனை தேவை?
3. ‘அம்மா’ என்னும் சொல்லுக்கு எத்தனை பைட்டு? குறியீடுகளைப் பிரித்துக் காட்டுக.
4. கடைக்காரர் ஏமாற்றினார் என்று கூறும் நண்பருக்கு விளக்கம் தந்து ஐந்து தொடர்கள் எழுதுக.